500 ஆல்பம், இரண்டு பேர்: ஆப் எதுவானாலும் சரி, பதிப்பைப் பாருங்கள்

நண்பர் ஒருவர் கேட்டார்: "ரோலிங் ஸ்டோன் 500 ஆல்பம் பட்டியலை நானும் அக்காவும் சேர்ந்து கேட்கலாம்னு இருக்கோம். எந்த ஸ்ட்ரீமிங் ஆப் நல்லது?" அமெரிக்க இசை இதழான 'ரோலிங் ஸ்டோன்' தொகுத்த, எக்காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்களின் பட்டியல் அது.

எது வேண்டுமானாலும் எடுங்கள். ஒலித்தரமும் தேடலும் இன்று பெரிய ஆப்களில் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நீண்ட நாள் கேட்டால் ஒவ்வொரு வாரமும் பொறுமையைச் சோதிப்பது வேறொன்று. பட்டியலில் இருக்கும் ஆல்பமும் ஆப் கொண்டுவந்து தரும் ஆல்பமும் பல நேரம் ஒன்றல்ல.

பீச் பாய்ஸ் இசைக்குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஒன்றே போதும் உதாரணத்துக்கு. 1966-ல் மோனோவில் (இரு காதிலும் ஒரே ஒலி) வந்தது. 13 பாட்டு, சுமார் 36 நிமிடம். முழுமையான ஸ்டீரியோ (இடம், வலம் என்று பிரிந்த ஒலி) கலவை 1997-ல்தான் வெளிவந்தது. மோனோவையும் ஸ்டீரியோவையும் அடுத்தடுத்து அடுக்கிய பதிப்பும் உண்டு. கடைசிப் பாட்டு அடங்கியதும் ஒரு ரயில் கடந்து போகிறது, நாய்கள் குரைக்கின்றன, சத்தம் தேய்ந்து மறைகிறது. ஆல்பம் அங்கே முடிய வேண்டும். அந்த அமைதியில்தான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறான பதிப்பில் அதற்குள் போனஸ் பாட்டு வந்து விழுகிறது. இது சின்ன விஷயமில்லை, ஆல்பத்தின் முடிவையே பறித்துவிடுகிறது.

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இன்னும் நுட்பமான சிக்கல். 1959 மார்ச் ஒலிப்பதிவில் டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டியதால் இசைத்தட்டின் முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் பல ஆண்டுகள் சற்றே உயர்ந்த சுருதியில், சற்றே வேகமாக விற்கப்பட்டன. 1992 மறுபதிப்பில்தான் அதைத் திருத்தினார்கள். ஒருவர் பழைய இசைத்தட்டிலும் மற்றவர் ஆப்பிலும் ஒரே நொடியில் தொடங்கினால், ஒன்பது நிமிட முதல் பாட்டு முடியும்போது சில நொடி இடைவெளி விழுந்திருக்கும். இணைப்பு மோசம் என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போடுவதில் பயனில்லை. ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்' வேறு கதை: 1973 கலவையும் அதன் பாடகர் இக்கி பாப் 1997-ல் செய்த மறுகலவையும் காதுக்கு இரண்டு வேறு ஆல்பங்கள். அதை வைத்து இருவர் வாதாடினால் தீர்வே கிடைக்காது, இருவருமே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே பெயரைச் சொல்லி விட்டுவிடாதீர்கள், லிங்க்கை அனுப்புங்கள். பிளே அழுத்தும் முன் பாட்டு எண்ணிக்கையும் மொத்த நிமிடமும் இரு திரையிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். போனஸ் பாட்டுகள் சேர்த்த டீலக்ஸ் பதிப்பு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் மூலப் பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரு பிளேலிஸ்ட் போடலாம். ஆனால் பிளேலிஸ்ட்டாக மாறியதும் சில ஆப்கள் ஒவ்வொரு பாட்டின் ஒலியளவையும் தனித்தனியாகச் சமன் செய்யத் தொடங்கும். கிசுகிசுப்பாக இருக்க வேண்டிய பாட்டு முன்னதற்குச் சமமாக உரக்கக் கேட்கும். இப்படிச் சமன் செய்யும் வால்யூம் நார்மலைசேஷனை அணைத்துவிடுங்கள். கிராஸ்ஃபேடு (ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலப்பது) பூஜ்யம், ஆட்டோபிளே ஆஃப், ஷஃபிள் ஆஃப். இந்த நான்கையும் இருவர் போனிலும் சரிபார்க்க வேண்டும், ஒருவர் போனில் மட்டும் பார்த்தால் போதாது. இவ்வளவும் செய்து சேமித்து வைத்த பதிப்பு ஒரு நாள் சாம்பல் நிறமாகி இயங்காமல் போய், அதன் இடத்தில் புது ரீமாஸ்டர் (ஒலியைத் திருத்திய மறுபதிப்பு) உட்கார்ந்திருக்கும். முன்னறிவிப்பு எதுவும் வராது. இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

எதிர்பாராமல் கிடைத்த பெரிய மகிழ்ச்சியையும் சொல்ல வேண்டும். எல்பி (இரு பக்கமும் பாட்டுள்ள பெரிய இசைத்தட்டு) காலத்து ஆல்பங்களைப் பக்கம் பிரித்துக் கேளுங்கள். ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடம். டிஸ்காக்ஸ் தரவுத்தளத்தில் மூல வெளியீட்டைத் திறந்தால் பாட்டுகளுக்கு ஏ1, பி1 என்று எண் இருக்கும். பி1-க்கு முன் நிறுத்த வேண்டும். பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்தின் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஒரே கிடார் உருவைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே போய், காற்றிரைச்சல் மூடிக்கொண்டு வரும்போது கத்தியால் வெட்டியது போல நிற்கும். 1969-ல் கேட்டவர்கள் அந்த வெட்டுக்குப் பிறகு எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அதன் பிறகுதான் இரண்டாம் பக்கம் மென்மையான கிடாரோடு விடிந்தது. ஆப்பில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நடுவில் இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள், ஆல்பம் மூச்சு விடுவது தெரியும். இருவரும் பேச வேண்டியதும் அந்த இடைவெளியில்தான். பாட்டு ஓடும்போது பேச்சே வேண்டாம். பழைய இரட்டை எல்பிகளில் முதல் பக்கத்தின் பின்புறம் நான்காம் பக்கம் அச்சாகியிருப்பதும் உண்டு. தட்டுகளை அடுக்கித் தானே மாற்றும் பிளேயர்களுக்காக அப்படிச் செய்தார்கள். அத்தகைய தட்டைக் கையில் எடுத்தால் எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

ஒரே அறையில் கேட்பவர்களுக்கு: ஸ்டீரியோ நடுவில் உட்கார்ந்த ஒருவருக்கே முழுதாகக் கிடைக்கும். ஸ்பீக்கர்களை நன்றாக உள்பக்கம் திருப்பி, இரண்டின் நேர்கோடும் உங்களுக்கு முன்னாலேயே குறுக்கிடும்படி வையுங்கள். இடப்பக்கம் இருப்பவரை வலது ஸ்பீக்கர் நேராகப் பார்க்கும், பக்கத்திலுள்ள இடது ஸ்பீக்கர் அவரைத் தாண்டிப் பார்க்கும். தூரத்தால் குறைந்த ஒலி ஓரளவு ஈடாகும். குரல் ஒரு காதிலும் டிரம்ஸ் மறு காதிலும் ஒதுங்கியிருக்கும் 60-களின் ஸ்டீரியோவுக்கு இதுவும் உதவாது. போனின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ' இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். ஒரே ஜாக்கைப் பிரித்து இரண்டு ஹெட்போன் மாட்டுவதானால் இரண்டும் ஒரே மாடலாக இருப்பது நல்லது. மின்தடை 32 ஓம் உள்ள ஒன்றும் 250 ஓம் உள்ள ஒன்றும் மாட்டினால் பெரும்பாலும் ஒருவருக்கு உரக்கவும் மற்றவருக்கு மெல்லவும் கேட்கும்.

தூரத்தில் இருப்பவர்கள் இசையை அழைப்பு வழியாக அனுப்ப வேண்டாம். பேச்சு ஒன்றையே காப்பாற்றும்படி அமைந்த இரைச்சல் வடிகட்டி இசையைக் குப்பை என்று வெட்டிவிடும். அவரவர் பிரதியை அவரவர் ஓட்டி, மூன்று எண்ணித் தொடங்குங்கள், பக்க இடைவெளியில் அழையுங்கள். ஆல்பத்துக்கு மதிப்பெண் போடுவதானால் பேசும் முன்பே எழுதிவிடுங்கள். முதலில் வாய் திறப்பவர் மற்றவரின் எண்ணைத் தன் பக்கம் இழுத்துவிடுவார்.

எந்த ஆண்டுப் பட்டியல் என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். 2003-ல் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்', 2020-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. வாரம் இரண்டு வீதம் 500 முடிய ஐந்து ஆண்டுக்கு இரண்டரை மாதம்தான் குறைவு.

கேட்ட ஒவ்வொரு வாரமும் நல்லதாகவே இருந்திருக்கிறது. இவ்வளவு இசையை இத்தனை எளிதாக எட்டவைத்ததும் இந்த ஆப்கள்தான். ஆனாலும் இந்தப் பட்டியலுக்கு ஸ்ட்ரீமிங்கை நான் 5-க்கு 2 என்றுதான் சொல்வேன். அக்காவிடம் பழைய எல்பியோ சிடியோ எது இருந்தாலும் முதலில் அதிலிருந்தே தொடங்குங்கள். அதில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ, நாளைக்கும் அதுவேதான் இருக்கும்.