மஞ்சள் குடோனுக்குக் காவல்: மூன்று வருட அனுபவம்

பெருந்துறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, 2022 கடைசியில் ஒரு மஞ்சள் குடோன் கட்டினோம். ஆள் உயரத்துக்கு மேல் வரை செங்கல் சுவர், அதற்கு மேலே எல்லாம் தகரம். கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஈரோட்டில் மஞ்சள் விலை குவிண்டாலுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதுவரை மூட்டைதானே என்று கிடந்த சரக்கை நகை மாதிரிப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதல் செலவு கேமராவுக்குத்தான். 4 மெகாபிக்சலில் எட்டு ஐபி கேமரா, படத்தைப் பதிவு செய்யும் என்விஆர் பெட்டி ஒன்று, அதற்கு 2 டிபி ஹார்டு டிஸ்க். ஒரு மாதப் பதிவு நிற்கும் என்று பொருத்த வந்தவர் சொன்னார். நின்றது பதினோரு நாள். ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்று வைத்தால் நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் வரும். எட்டுக்கும் சேர்த்து 170 ஜிபி தாண்டும். பத்து நிமிடக் கணக்கு. வாங்கும்போது நான் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கு எங்கே இடித்தது என்றால், அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு லோடு ஏற்றப் பின்சுவர் ஓரத்து அட்டியை, அதாவது மூட்டை அடுக்கை, பிரித்தோம். உச்சி வரிசையில் நான்கு மூட்டைகள் வாடித் தொங்கின. வாய்த் தையலைப் பிரித்து, விரலி மஞ்சளை அள்ளிக்கொண்டு, சாக்கைப் பழையபடி மடித்து வைத்திருந்தார்கள். மேலே பார்த்தால் ஒரு தகரத்தில் இரண்டே ஸ்குரூ. மற்றவற்றை ஸ்பேனர் போட்டு வெளியிலிருந்தே கழற்றியிருக்கிறார்கள். அந்த இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கி, சுவரில் மஞ்சள் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. எப்போது நடந்தது என்று பார்க்கப் பதிவு இல்லை, எல்லாம் அழிந்துவிட்டது. இருந்திருந்தாலும் வெளிக் கேமரா எல்லாம் முன்பக்கம்தான்.

எங்கள் வாட்ச்மேன் பெரியவர் வேலைக்குச் சேர்ந்த வாரமே சொல்லியிருந்தார்: "லைட்டெல்லாம் முன்னாடி எரியுதுங்க தம்பி. வர்றவன் பின்னாடிதானுங்க வருவான்." சரிங்க பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

அப்புறம் செய்ததுதான் உருப்படியான வேலை. பின்சுவரை ஒட்டி நின்ற வேப்பமரத்தின் கிளை கூரைக்கு ஏணி மாதிரி இருந்தது; பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இரண்டு முறை கேட்டு வெட்டினோம். பின்பக்கக் கூரைக்கு அடியில், சட்டங்களோடு சேர்த்து இரும்பு மெஷ் வெல்டிங் செய்தோம். தகரத்தையே கழற்றினாலும் உள்ளே இறங்க முடியாது. பின்னால் இரண்டு ஃப்ளட் லைட், இரண்டு கேமரா. எந்தக் கேமராவையும்விட அந்த மெஷ்ஷுக்குத்தான் நான் மார்க் போடுவேன். ஹார்டு டிஸ்க்கையும் 6 டிபி ஆக்கினோம். கேமரா பத்தாகிவிட்டதால் நான்கு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கிறது.

அலாரம் சென்சார் கதை வேறு. உடல் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வகை அது. எலி ஓடினாலும் கத்தும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எல்லாமே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுவதால் ஆள் நடந்தாலும் சில நேரம் கத்தாது. ஒரு வருடத்தில் மொத்தமாக நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்பு இருந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. பூச்சிக்காக அட்டிக்குத் தார்ப்பாய் மூடி மாத்திரை வைக்கிறோம் இல்லையா, அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு செம்பை அரித்துவிடும். தானியம், மஞ்சள், பருப்பு குடோன் வைத்திருப்பவர்கள் எலக்ட்ரானிக் சாமானை உள்ளே மாட்டும் முன் இதைக் கட்டாயம் யோசியுங்கள். இப்போது ஷட்டரில் மட்டும் காந்த சென்சார், சைரன் வெளியே.

உள்கேமராவில் மஞ்சள் தூசி படிந்து பத்து நாளில் படம் மங்கிவிடும். வெளியே சிலந்தி. இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை பின்னியதும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) ஒளி அதில் பட்டுத் திரை முழுக்க வெள்ளை. சனிக்கிழமை தோறும் ஒட்டடைக்கம்பால் துடைப்பது பெரியவர் வேலை.

இன்சூரன்ஸ் பற்றி ஒன்று. திருட்டு பாலிசியில் உடைத்து நுழைந்த அடையாளம் கேட்பார்கள், எஃப்ஐஆரும் வேண்டும். தகரத்தைத் திரும்ப முடுக்கும் முன் போட்டோ எடுத்தது உதவியது. வேலையாட்களே எடுத்தால் இந்த பாலிசியில் வராது, அதற்குத் தனி பாலிசி இருக்கிறது. நாங்கள் அது எடுக்கவில்லை. பதிலுக்கு மாதம் இரண்டு முறை அட்டி வாரியாக எண்ணுகிறோம், உச்சி மூட்டையைக் கையால் அழுத்தியும் பார்க்கிறோம். சாவி இரண்டு பூட்டுக்கு இரண்டு பேரிடம்.

மிச்சம் இருப்பது கூரையில் சுற்றும் காற்றாடி வென்டிலேட்டர்கள். அவற்றைத் தூக்கினால் ஓர் ஆள் நுழையும் ஓட்டை. அதற்கும் அடியில் மெஷ் போட வெல்டிங்காரர் நாளைக்கு வருகிறேன் என்கிறார். இரண்டு மாதமாக நாளைக்குத்தான்.