எறும்புக் கூட்டுக்குச் சூடு: ஹீட் மேட்டா, ஹீட் கேபிளா?

வீட்டில் எறும்பு வளர்க்கிறேன். என் எறும்புக் கூடுகள் எல்லாம் இப்போது ஹீட் கேபிளில்தான், அதாவது மின்சாரத்தில் சுடும் ஒயரில்தான், இருக்கின்றன. அதற்கு முன் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சுடும் தட்டையான விரிப்பு, வைத்திருந்தேன். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு அல்ல, கேபிள் பக்கம் சாய்ந்துவிட்ட ஆள் எழுதுவது. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இங்கிலாந்தில் அக்டோபர் வந்துவிட்டால், ராத்திரி ஹீட்டிங் அணைந்த பிறகு அறை 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். எறும்பு தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பிராணி இல்லை. அந்தக் குளிரில் அது செத்துப்போகாது, ஆனால் புழு வளர்வது மந்தமாகிவிடும், ராணியும் முட்டையைக் குறைத்துக்கொள்ளும். இங்கே தோட்டத்தில் சாதாரணமாகத் திரியும் கறுப்பெறும்பு லேசியஸ் நைகர். அதன் முட்டை வேலைக்கார எறும்பாக மாற அறை வெப்பத்தில் இரண்டு மாதம் வரை ஆகும், 25 டிகிரியை ஒட்டி வைத்தால் அதில் சில வாரம் மிச்சம். ஸ்பெயின் பக்கத்திலிருந்து வரும் விதை சேர்க்கும் எறும்பான மெஸ்ஸர் பார்பரஸுக்கு 24 முதல் 28 வரை கிடைத்தால்தான் கூட்டம் கிடுகிடுவென்று பெருகும். நான் வளர்ப்பவை இந்த இரண்டு இனங்கள். உண்மையைச் சொன்னால் லேசியஸுக்குச் சூடே கொடுக்காமல் விட்டாலும் குறையில்லை. மெஸ்ஸருக்காகத்தான் இவ்வளவு யோசனையும்.

காசு செலவில்லாத வழிகளை முதலில் ஒதுக்கிவிடுவோம். ரேடியேட்டர் மேல் வைத்தால் காலையில் கொதிப்பு, மதியம் குளிர். புது ராணியைக் குடிவைக்கும் கண்ணாடிக் குழாயை, அதாவது டெஸ்ட் டியூபை, வைஃபை ரவுட்டர் மேல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சூடு போதாது, ஆள் வந்து அதைத் தொடும்போதெல்லாம் கூடு அதிரும். ஜன்னலோர வெயில் கூடவே கூடாது. மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் வெயில் நேராக விழுந்தால் கொஞ்ச நேரத்திலேயே ராணி போய்விடும். ஊர்வனவற்றுக்கு வைக்கும் பல்பு, எறும்புகள் தீனி தேடி வெளியே வந்து உலாவும் பெட்டிக்குச் சரி, கூட்டுக்கு வெளிச்சமும் அதிகம், வறட்சியும் அதிகம்.

மேட்டுக்கும் கேபிளுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, சின்ன மேட் கொஞ்சம் மலிவு. மின்சாரமும் அப்படித்தான். 7 வாட் மேட் நாள் முழுக்க எரிந்தால் 0.17 யூனிட், 15 வாட் கேபிள் 0.36 யூனிட். இங்கே யூனிட் ஏறக்குறைய 25 பென்ஸ் என்று வைத்தால் கேபிளுக்கு ஒரு நாளைக்கு 9 பென்ஸ். வைத்த அளவுக்குச் சூடு ஏறியதும் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் போட்டால் அதுவும் குறையும். ஆக, பணத்தை வைத்து இதை முடிவு செய்ய வேண்டியதில்லை.

முடிவு செய்யவைத்தது ஈரம்தான்.

மேட் என்பது தட்டையான ஒரு தகடு. அதன் பரப்பு முழுவதும் ஒரே மாதிரி சுடும். கூட்டை அதன்மேல் வைத்தால் கூட்டின் அடி முழுவதும் ஒரே சூடு. கூட்டுக்குள் எப்போதும் ஈரம் இருக்கும், அடியில் சூடு பட்டதும் அது ஆவியாகி மேலே போகும். மேலே இருப்பது என்ன? நாம் பார்ப்பதற்காக வைத்திருக்கும் கண்ணாடி. அறைக் காற்று பட்டுக் குளிர்ந்திருக்கும் கண்ணாடி. ஆவி அதில் முத்து முத்தாகக் கோர்த்துக்கொள்ளும். பார்க்க முடியாது என்பது நம் கஷ்டம், அதை விடுங்கள். எறும்புக்கு நடப்பது வேறு: அறையின் தரை காய்ந்துபோகிறது, கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. சின்ன வேலைக்கார எறும்பு ஒரு துளிக்குள் மாட்டினால் வெளியே வருவது சிரமம். ஒரு கூட்டத்தில் முதலில் பிறக்கும் எறும்புகள் மற்றவற்றைவிடச் சின்னவை, ஆரம்பக் கூட்டத்துக்கு ஒவ்வொன்றும் முக்கியம்.

டெஸ்ட் டியூபில் இன்னும் மோசம். குழாயின் ஒரு முனையில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, அந்தப் பக்கம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. தண்ணீர் இருக்கும் பகுதியிலும் கொஞ்சம் காற்று சிக்கியிருக்கும். குழாய் முழுவதும் மேட்டின் மேல் படுத்திருந்தால் அந்தக் காற்று சூடாகி விரியும். விரிகிற காற்று தண்ணீரைப் பஞ்சு வழியாக ராணி இருக்கும் பக்கம் தள்ளும். ராணியின் அறை குளமாவது இப்படித்தான். இதற்காகவே, எந்தச் சாதனம் வைத்தாலும் தண்ணீர் முனையைச் சூடாக்காதே என்பது வளர்ப்பவர்களிடையே பாலபாடம். மேட்டில் அதைச் செய்ய முடியாது என்றில்லை. குழாயின் வாய்ப்பக்கம் மட்டும் மேட் மேல் படுமாறு வைக்கலாம். ஆனால் ஐந்தாறு குழாயை அப்படி விளிம்பு பார்த்து அடுக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேபிள் ஒரு கோடு. தாங்கியில் வரிசையாகக் கிடக்கும் குழாய்களின் வாய்ப்பக்கத்துக்குக் குறுக்கே ஒரு ஓட்டம் விட்டால் போதும். ஒவ்வொரு குழாயிலும் விரல் அகலத்துக்கு ஒரு சூடான இடம், அங்கிருந்து தண்ணீர்ப் பக்கம் போகப்போகக் குளிர்ச்சி. எங்கே இருப்பது என்பதை ராணி பார்த்துக்கொள்ளும்.

பெரிய கூட்டில் கேபிளை நான் மேலே வைக்கிறேன், கண்ணாடியின் ஒரு ஓரத்தில். அந்த ஓரத்தில் கண்ணாடி உள்காற்றைவிடச் சூடாக இருப்பதால் நீர் கோர்ப்பதில்லை. இயற்கையிலும் மண்ணுக்குச் சூடு வருவது மேலிருந்துதான். மே மாதம் வெயில் பட்ட நடைபாதைக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். லேசியஸ் கூட்டம் கூட்டுப்புழுக்களையெல்லாம் மேலே தூக்கிவந்து கல்லுக்கு அடியில் அடுக்கியிருக்கும். (பார்த்துவிட்டுக் கல்லைப் பழையபடி மெதுவாக வைத்துவிடுங்கள்.)

சூடு ஒரு பக்கமாகக் குறைந்துகொண்டே போவதுதான் முக்கியம், எத்தனை டிகிரி என்பது அதற்கு அப்புறம்தான். ஏனென்றால் கூட்டுக்குள் எல்லாருக்கும் ஒரே சூடு வேண்டியதில்லை. கூட்டுப்புழுவுக்குச் சூடும் வறட்சியும், முட்டைக்கும் சின்னப் புழுவுக்கும் ஈரம். மெஸ்ஸருக்கு இன்னொரு தேவை உண்டு: விதைக் கிடங்கு காய்ந்து இருக்க வேண்டும், ஈரம் பட்டால் விதை முளைவிடும், பூஞ்சை பிடிக்கும். ஒரு ஓரத்தில் கேபிளும் எதிர் ஓரத்தில் தண்ணீரும் வைத்தால், கிடங்கு எங்கே, தொட்டில் எங்கே என்பதை அவையே தீர்மானித்து, ஓயாமல் தூக்கித் தூக்கி மாற்றும். 1993-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் போர்ட்டரும் வால்டர் சின்கெலும் நெருப்பெறும்புகளை இப்படித் தேர்ந்தெடுக்க விட்டுப் பார்த்தார்கள். நன்றாகத் தின்ற கூட்டம் சூடான இடத்துக்குப் போனது, பட்டினி போட்ட கூட்டம் குளிர்ந்த இடத்துக்கு நகர்ந்தது. சூட்டில் வளர்ச்சி வேகம், அதற்குத் தீனி வேண்டும். தீனி இல்லாதபோது குளிர்ந்து கிடந்தால் செலவு மிச்சம். இன்றைக்குக் கூட்டத்தின் வயிறு எப்படி என்று நமக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். மேட் மேல் முழுக்கூட்டையும் உட்காரவைப்பது அந்தத் தேர்வைப் பிடுங்கிக்கொள்வது.

சரி, கேபிளில் தொல்லையே இல்லையா? உண்டு. நேராக நிற்காது, புதிதில் சுருண்டுகொண்டே இருக்கும், டேப்போ கிளிப்போ இல்லாமல் ஆகாது. கேபிள் தன் மேலேயே குறுக்காகப் போனால் அந்த இடத்தில் சூடு ஏறி உறை கெட்டுப்போகும். நீளம் அதிகமென்று வெட்டவும் கூடாது. பிளக் பக்கம் முதல் ஒரு பகுதி சுடாது, அதைக் கூட்டின் மேல் வைத்துவிட்டுக் கேபிள் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. மிச்ச நீளம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு சின்னக் கூடு வைத்திருப்பவருக்கு நாலு மீட்டர் கேபிள் வெறும் இடைஞ்சல்.

மேட்டுக்கு ஏற்ற இடமும் இருக்கிறது. ஒற்றை அக்ரிலிக் கூடு என்றால் மேட்டை அடியில் வைக்காமல் பக்கச் சுவரில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்காமல் வைத்தால் நான் சொன்ன குறைகளில் பாதி போய்விடும். ஜிப்சம், ஏஏசி பிளாக் (நுரைக் கான்கிரீட்) போன்ற கனமான கூடுகளுக்கு அது சரிப்படாது. சூடு கண்ணாடி வரை வந்து சேர நேரம் பிடிக்கும், அதற்குள் மேட் ஒட்டிய பக்கம் வறண்டுவிடும். இன்னொன்று, பல மேட்கள் பின்னால் பசையோடு வருகின்றன. ஒட்டினால் ஒட்டியதுதான், உரித்தால் உள்ளே இருக்கும் கம்பிக்கு ஆபத்து.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: கூடுகள் மொத்தத்தையும் வைக்கும் சூடான அலமாரி அல்லது இன்குபேட்டர். இதை நண்பர் வீட்டில் பார்த்த அளவுக்கே சொல்கிறேன். முப்பது நாற்பது குழாயோடு ராணிகளை வளர்ப்பவருக்கு அது சௌகரியம். சுற்றிலும் காற்றே சூடாக இருப்பதால் கண்ணாடியில் நீர் கோர்ப்பதும் குறைவு. ஆனால் குளிர்ந்த மூலை என்று ஒன்று அங்கே இல்லை. வருடம் முழுக்க ஒரே சூட்டில் வாழும் வெப்பமண்டல இனங்களுக்கு ஒருவேளை அதுவே பொருத்தமாக இருக்கலாம், நான் அவற்றை வளர்த்ததில்லை. அந்த ஆசை உள்ளவர்கள் ராணி எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். 2025-ல் கென்யாவிலிருந்து ஆயிரக்கணக்கான எறும்புகளை டெஸ்ட் டியூபில் கடத்தப் பார்த்த நான்கு பேருக்கு நைரோபி நீதிமன்றம் அபராதம் விதித்தது. அவற்றில் பெரும்பாலானவை மெஸ்ஸர் செஃபலோட்டஸ் ராணிகள்.

எதை வாங்கினாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வாங்காதீர்கள். கட்டுப்பாடில்லாத மேட் 40 டிகிரியைத் தாண்டலாம். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை அறையில் தொங்கவிடாமல், கூட்டில் மிகச் சூடான இடத்தில் ஒட்டுங்கள். மெஸ்ஸருக்கு அங்கே 27 என்று வைத்தால் மீதி இடம் தானாகவே குறைவாக இருக்கும். ராத்திரிக்கு டைமர் போட்டு அணைத்தாலும் கெடுதல் இல்லை, வெளியிலும் ராத்திரி குளிரத்தானே செய்கிறது.

அப்புறம் குளிர்கால உறக்கம். லேசியஸுக்கு நவம்பர் வாக்கில் தொடங்கி மூன்று நாலு மாதம் 5 முதல் 8 டிகிரிக் குளிர் வேண்டும், மெஸ்ஸருக்கு 15-ஐ ஒட்டி இரண்டு மூன்று மாதம் போதும். அந்த நாட்களில் லேசியஸ் குழாய்கள் கராஜுக்குப் போகும். தாங்கியிலிருந்து குழாய்களை உருவினால் வேலை முடிந்தது, கேபிள் இருந்த இடத்திலேயே கிடக்கும். மெஸ்ஸர் கூட்டிலிருந்து டேப்பைப் பிரித்துக் கேபிளை மட்டும் நகர்த்திவிடுவேன், கூடு அசையாது. பக்கத்தில் மேட் ஒட்டிய கூடாக இருந்தால் ஒயரும் பிளக்குமாக மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.