விண்டோஸ் 10-ஆ, 11-ஆ? ஆபீசில் முதல் வாரம்

எங்கள் ஆபீசில் பாதி கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டன; மீதி இன்னும் 10-இல்தான்.

11-இல் ஸ்டார்ட் பட்டன் நடுவில். கை என்னவோ பழைய இடது மூலைக்கே போகிறது. சரி, செட்டிங்ஸில் இடப்பக்கம் தள்ளிவிடலாம். வலது கிளிக் மெனுதான் படுத்துகிறது: 10-இல் எல்லாமே ஒரே பட்டியலில் விரியும், 11-இல் காப்பி, கட் எல்லாம் குட்டிச் சின்னங்கள். பழைய பட்டியல் வேண்டுமென்றால் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்த வேண்டும்.

ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்ததற்காகவே 11-க்கு என் ஓட்டு. பத்து ஃபோல்டர் திறந்தாலும் ஒரே ஜன்னல்.

பழைய மெஷின்களில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, 11 ஏறாது. 10-க்கோ வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. புது மெஷின் கேட்டு எழுதியாயிற்று.