நிலையான வாடகையா, விற்பனையில் பங்கா? மந்தக் காலத்தில் மறுமலர்ச்சிச் சந்தையின் உணவுக்கடைகள்

அமெரிக்காவில் ரெனசான்ஸ் ஃபேர், அதாவது மறுமலர்ச்சிச் சந்தை என்று ஒரு வகைச் சந்தை உண்டு. மரங்கள் அடர்ந்த ஒரு திடலில் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து கிராமத்தைப் போல வீடுகளும் கடைகளும் எழுப்பி, ராணி, வீரர்கள், கழைக்கூத்தாடிகள் வேடத்தில் ஆட்களை நடமாட விட்டு, ஆண்டுக்கு எட்டு ஒன்பது வார இறுதிகள் நடத்துவார்கள். 1963 மே மாதம் ஃபிலிஸ் பேட்டர்சன், ரான் பேட்டர்சன் தம்பதி, லாஸ் ஏஞ்சலஸில் கேபிஎஃப்கே வானொலிக்கு நிதி திரட்டுவதற்காக ஒரு வார இறுதியில் நடத்திய சந்தைதான் இதன் தொடக்கம். பிறகு மினசோட்டா, டெக்சஸ், மேரிலாந்து, விஸ்கான்சின் என்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. டெக்சஸின் டாட் மிஷனில் நடப்பதற்கு ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள்.

நாடு பொருளாதார மந்தத்தில் விழும்போது இந்தச் சந்தைகள் என்ன ஆகும் என்று பேசுபவர்கள் பெரும்பாலும் வாசலில் வரும் கூட்டத்தைத்தான் எண்ணுகிறார்கள். எனக்கு அக்கறை உள்ளே இருக்கும் உணவுக்கடைக்காரர்கள் மேல். வாசலில் கூட்டம் குறையாமலே கடைக்காரர் நொடித்துப்போகலாம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள், பார்க்கிங்குக்கும் கொடுத்துவிடுவார்கள், பிள்ளை கேட்கும் மரக்கத்திக்கும் கொடுப்பார்கள். கடைசியில் பையில் மிஞ்சுவதில்தான் சாப்பாடு. நெருக்கடி வந்தால் முதலில் குறைவதும் அதுதான். காலையில் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், மதியம் நாலு பேர் இரண்டு தட்டைப் பகிர்ந்துகொள்வார்கள்.

இந்தக் கடைக்காரர் சந்தை நிர்வாகத்தோடு எப்படி ஒப்பந்தம் போடுகிறார் என்பதில்தான் மந்தக் காலத்தின் தலையெழுத்து இருக்கிறது. முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, விற்றாலும் விற்காவிட்டாலும் இத்தனை டாலர் என்று நிலையான வாடகை. இன்னொன்று, மொத்த விற்பனையில் இத்தனை சதவீதம் என்று பங்கு. மூன்றாவதாக, நிர்வாகமே சமையலறையை நடத்திச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்வதும் உண்டு. அங்கே தனிக் கடைக்காரர் என்று யாரும் இல்லாததால் அதை இந்த அலசலில் சேர்க்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு கடைக்கு ஒரு வார இறுதியில் 20,000 டாலர் விற்பனை. பொருள் கொள்முதல் 6,000, ஆள் கூலி 5,000, கேஸ், தட்டு, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 1,500. நிலையான வாடகை 4,000, அல்லது 20 சதவீதப் பங்கு. சாதாரண ஆண்டில் இரண்டும் ஒன்றுதான், எந்த வழியில் போனாலும் கையில் 3,500 நிற்கும்.

இப்போது விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 16,000 ஆகிறது. கொள்முதலும் அதே அளவில் 4,800 ஆகக் குறையும். கூலி குறையாது, ஏனென்றால் வரிசை சின்னதோ பெரியதோ, அடுப்புக்கு ஒருவர், கல்லாவுக்கு ஒருவர், பரிமாற இரண்டு பேர் வேண்டும். நிலையான வாடகை கட்டுபவருக்கு மிஞ்சுவது 700. பங்கு கொடுப்பவர் 3,200 மட்டும் கொடுப்பார், அவருக்கு 1,500 நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு விற்பனை குறைந்ததற்கு ஒருவர் லாபத்தில் ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது. மற்றவருக்குப் பாதிக்கு மேல் போனாலும் தாக்குப்பிடிக்க முடியும்.

2008 இப்படிப்பட்ட மந்தம். அந்தச் சரிவு 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூன் வரை நீடித்தது, வேலையில்லாதோர் விகிதம் 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. மேரிலாந்துச் சந்தை ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி அக்டோபரில் முடிவது. அதாவது 2008இல் அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்த நாட்களில்தான் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி விழுந்தது, செப்டம்பர் 15. பருவத்துக்கான இறைச்சியை முன்பே பேசி வைத்திருக்கும் கடைக்காரருக்கு நடுவில் வரும் இப்படியொரு அடியை ஈடுகட்ட வழியே கிடையாது. அவரால் மாற்ற முடியாத செலவுகளில் கூலிக்கு அடுத்துப் பெரியது வாடகை. அதுவாவது விற்பனையோடு சேர்ந்து இறங்க வேண்டும். அதனால் இப்படிப்பட்ட மந்தத்துக்கு விற்பனைப் பங்கு ஒப்பந்தம்தான் நல்லது. இன்னொரு நன்மையும் உண்டு: பங்கு வாங்கும் நிர்வாகத்துக்கு உணவுக்கடை விற்பனை தன் வருமானமும் ஆகிறது. குதிரை வீரர்களின் ஈட்டிப் போட்டி முடிந்ததும் கூட்டம் எந்தப் பக்கம் கலைகிறது, மதிய நேரத்தில் எந்த மேடையில் நிகழ்ச்சி வைத்தால் சாப்பாட்டுத் தெரு நிறையும் என்றெல்லாம் அவர்களும் யோசிப்பார்கள். வாடகையைக் கையில் வாங்கிக்கொண்ட நிர்வாகத்துக்கு அந்த அவசரம் குறைவு.

ஆனால் 2022இல் கணக்கு தலைகீழ். அப்போது கூட்டத்துக்குக் குறைவில்லை. ஊரடங்கில் அடைந்து கிடந்த மக்கள் வெளியே வர ஆசைப்பட்டார்கள். பிரச்சினை விலைவாசி. அந்த ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் காணாத உயரம். பெட்ரோல் ஒரு கேலன் 5 டாலரைத் தாண்டியது. அதே கடையை இந்தச் சூழலில் வைத்துப் பாருங்கள். கொள்முதல் 6,000 என்பது 7,800 ஆகிறது, கூலி 5,500. கடைக்காரர் விலையை 10 சதவீதம் கூட்டுகிறார், வாங்குபவர் எண்ணிக்கை குறையவில்லை, விற்பனை 22,000. நிலையான வாடகைக்காரருக்கு 3,200 மிஞ்சும். பங்குக்காரர் 4,400 கொடுத்துவிட்டு 2,800 எடுப்பார். ஏறிய செலவு முழுக்க அவர் தலையில், ஆனால் அதை ஈடுகட்டக் கூட்டிய விலையில் ஐந்தில் ஒன்று நிர்வாகத்துக்கு. பங்கு லாபத்தில் எடுக்கப்படுவதில்லை, மொத்த விற்பனையில் எடுக்கப்படுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது பலரும் இந்த வேறுபாட்டைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஆக, மக்கள் கையில் காசு இல்லாத மந்தத்துக்குப் பங்கு நல்லது, பொருள் விலை ஏறும் நெருக்கடிக்கு நிலையான வாடகை நல்லது. ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பங்கைத்தான் சொல்வேன். விலையேற்றத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலே பார்த்தபடி 400 டாலர்தான். விற்பனை வீழ்ச்சியில் அது 800. அதோடு விலையேற்றத்தில் மெனுவை மாற்றலாம், விலையைக் கூட்டலாம், அளவைக் கொஞ்சம் குறைக்கலாம். வராத வாடிக்கையாளரை எப்படி வரவழைப்பது?

ஒரே ஒரு எச்சரிக்கை. “பங்கு அல்லது குறைந்தபட்சத் தொகை, இரண்டில் எது அதிகமோ அது” என்று ஒரு வரி ஒப்பந்தத்துக்குள் இருந்தால் இந்தச் சாதகம் எல்லாம் போச்சு. நல்ல காலத்தில் பங்கும் கெட்ட காலத்தில் வாடகையும் கட்ட வேண்டி வரும். அப்புறம், பங்கு முறையில் விற்பனைக் கணக்கு நிர்வாகத்தின் கண்ணில் பட வேண்டும் என்பதால் பணம் முதலில் அவர்களிடம் போய், கூப்பன் வழியாகவோ அவர்களுடைய பில் இயந்திரம் வழியாகவோ கணக்கு பார்த்துப் பிறகு கடைக்காரருக்கு வரும் ஏற்பாடும் உண்டு. நிர்வாகமே தள்ளாடும் ஆண்டில் அந்தப் பணம் தாமதமானால் இறைச்சிக்காரருக்கு யார் பதில் சொல்வது? வாராவாரம் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று எழுத்தில் வாங்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஒரே இடமா, ஊர் ஊராகவா?

அடுத்த தேர்வு இது. ஒரே பெரிய சந்தையில் நிரந்தரக் கடை கட்டிக்கொண்டு இருப்பவர்கள் ஒரு பக்கம். வண்டி கட்டிக்கொண்டு பருவத்தைத் துரத்துபவர்கள் இன்னொரு பக்கம்: பிப்ரவரி, மார்ச்சில் அரிசோனா, ஏப்ரல், மே மாதங்களில் டெக்சஸின் ஸ்கார்பரோ, கோடையில் கொலராடோ அல்லது விஸ்கான்சின் எல்லையில் உள்ள பிரிஸ்டல், இலையுதிர்காலத்தில் மினசோட்டாவோ மேரிலாந்தோ, கடைசியில் அக்டோபர், நவம்பரில் மறுபடி டெக்சஸ். ஒரு ஊரில் ஆலை மூடினால் இன்னொரு ஊர் காப்பாற்றும், இரண்டு வாரம் மழை பெய்தாலும் அடுத்த சந்தையில் சரிக்கட்டலாம் என்பது இந்தச் சுற்றின் பலம்.

மழையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எட்டு வார இறுதிதான் பருவம் என்றால், ஒரு வார இறுதி நனைந்தாலே ஆண்டு வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு போச்சு. ஒரே இடத்தில் இருப்பவருக்குப் பல மந்தங்களை விட இது பெரிய அடி.

ஆனால் சுற்றுக்குத் தேவை டீசல். 2008 ஜூலையில் அமெரிக்காவில் பெட்ரோலின் சராசரி விலை கேலனுக்கு 4.11 டாலர் வரை போனது, டீசல் அதை விட அதிகம். புகையடுப்புகளையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு பாலைவனத்திலிருந்து ஏரிக்கரை வரை போகும் லாரிக்கு அது தாங்காது. 2020இல் நாடு முழுக்க ஒரே நேரத்தில் கதவு மூடியபோது சுற்றின் பலம் அடிபட்டுப்போனது. ஸ்கார்பரோ இல்லை, பிரிஸ்டல் இல்லை, மினசோட்டா இல்லை, மேரிலாந்து இல்லை. டாட் மிஷன் சந்தை மட்டும் இலையுதிர்காலத்தில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு நடந்தது. வேறு தொழில் இல்லாமல், வீடு என்பதே வண்டியாக இருந்தவர்களுக்கு அந்த ஆண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே சந்தையில் கடை வைத்து, மற்ற மாதங்களில் ஊரில் கேட்டரிங்கோ வேறு வேலையோ பார்ப்பவர் அதே ஆண்டில் எப்படியோ தட்டுத்தடுமாறி நின்றுவிட முடிந்தது.

நிரந்தரக் கடையிலும் பள்ளம் உண்டு. பல சந்தைகளில் கடையைக் கட்டுவது கடைக்காரர் காசு, மண் மட்டும் நிர்வாகத்துடையது. அல்லது நிர்வாகமும் குத்தகைக்கு எடுத்தது. வட கலிஃபோர்னியாவில் நொவாட்டோ அருகே பிளாக் பாயிண்ட் காட்டில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த சந்தை, 1990களின் இறுதியில் நிலம் கைமாறி வேறு கட்டுமானத்துக்குப் போனதும் இடம்பெயர வேண்டியதாயிற்று. மரத்தையும் கூரையையும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதனால் நிலம் நிர்வாகத்துக்குச் சொந்தமா என்று விசாரித்துவிட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும். சொந்த நிலம் என்றால், மந்தத்துக்கு ஒரே இடம்தான் என் தேர்வு.

வான்கோழிக் காலா, சின்ன விலைப் பண்டமா?

இந்தச் சந்தைகளின் அடையாளமே வான்கோழிக் கால்தான். ஆண் வான்கோழியின் கால், ஒன்று கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுண்டு எடை. உப்புக்கரைசலில் பதப்படுத்திப் புகையில் வேகவைப்பதால் வெந்த பிறகும் சதை இளஞ்சிவப்பாக, பன்றித்தொடை இறைச்சியின் ருசியோடு இருக்கும். மதியம் ஒரு மணிக்கு அந்தக் கடையைப் பார்க்க வேண்டும்: கரி படிந்த பெரிய புகையடுப்பின் மூடியைத் தூக்கியதும் கொழுப்பும் மரப்புகையும் சேர்ந்த வாசம் தெரு முழுக்க அடிக்கும், தோல் கச்சை கட்டிய பையன் இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றி நீட்டுவான், கல்லாவுக்குப் பக்கத்துக் குவளையில் யாராவது ஒரு டாலர் போட்டால் கடையே “ஹுசா!” என்று பழைய ஆங்கில உற்சாகக் கூச்சல் போடும். அந்த டாலரும் அங்கே வேலை செய்பவர்களின் வருமானத்தில் ஒரு பகுதி. நெருக்கடிக் காலத்தில் சத்தம் குறைகிறது என்றால் கூலி குறைகிறது என்று பொருள்.

வான்கோழிக் காலின் பலம் அது விளம்பரத்தைத் தானே செய்துகொள்ளும் என்பது. ஒருவர் கையில் பிடித்துக் கடித்தபடி நடந்தால் எதிரில் வரும் பத்துப் பேர் “இது எங்கே கிடைக்கும்?” என்பார்கள். பலவீனம், விலை கடைக்காரர் கையில் இல்லை. தீவன மக்காச்சோளம் 2008 கோடையில் புஷல் (சுமார் 25 கிலோ) 7 டாலருக்கு மேல் போனது, அது இறைச்சி விலையில் இறங்கியது. 2015இல் பறவைக் காய்ச்சல் வந்து, நாட்டிலேயே அதிக வான்கோழி வளர்க்கும் மினசோட்டாவில் மட்டும் ஏறத்தாழ 90 லட்சம் பறவைகள் அழிந்தன. 2022இல் அந்தக் காய்ச்சல் பணவீக்கத்தோடு சேர்ந்து மறுபடி வந்தது. ஒரே பண்டத்தை நம்பிய கடைக்கு இது முதலுக்கே மோசம்.

எதிர்ப்பக்கம் இறைச்சிப் பை (இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம்), ஸ்காட்ச் எக் (இறைச்சியால் மூடிப் பொரித்த முட்டை), ரொட்டிக் கிண்ணத்தில் சூப், குச்சியில் குத்திய மாட்டிறைச்சி, மண்பாத்திரத்திலிருந்து எடுத்துத் தரும் ஊறிய வெள்ளரிக்காய். மாவும் உருளையும் முட்டையும் வைத்துச் செய்யும் பண்டத்தில் இறைச்சி விலை ஏறினாலும் அளவை மாற்றிச் சமாளிக்கலாம். முழுக் காலுக்குக் காசு இல்லாத குடும்பம் இங்கே ஏதாவது வாங்கும். வெள்ளரிக்காயில் நட்டம் வர வழியே இல்லை, அடுப்பும் வேண்டாம், ஆளும் ஒருவர் போதும். (பீரில்தான் நல்ல லாபம், ஆனால் உரிமம் வைத்திருக்கும் நிர்வாகம் பல இடங்களில் அதைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது.)

இதில் இரண்டில் ஒன்று என்று நிற்க வேண்டியதில்லை. கூட்டத்தை இழுக்கக் காலும், காசு குறைந்தவருக்கு இறைச்சிப் பையும் சூப்பும் ஒரே கூரையின் கீழ் வைக்க நிர்வாகம் அனுமதித்தால் அதுவே சிறந்தது. ஆனால் பல சந்தைகளில் இன்ன கடைக்கு இன்ன பண்டம் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். வான்கோழிக் காலை மட்டும் ஒதுக்கினால், பருவம் தொடங்கும் முன்பே விலை பேசி முடித்துவிட வேண்டும், பங்குச் சதவீதத்தில் இறைச்சி விலைக்கென்று ஒரு சலுகை வரியைக் கேட்டு வாங்க வேண்டும். கொள்முதல் விலை இத்தனைக்கு மேல் ஏறினால் பங்கு 20இலிருந்து 17க்கு இறங்கும் என்பது போல. நிர்வாகம் உடனே தலையாட்டாது. ஆனால் வான்கோழிக் கால் இல்லாத சந்தையை யாரும் சந்தையாக நினைப்பதில்லை என்று அவர்களுக்கும் தெரியும், அந்த இடத்தில் பேரம் பேசும் பலம் கடைக்காரர் பக்கம்தான்.