ஜெர்மன் ஷாக் என்று சொல்லி என் பழைய ஷாக்குக்கே மஞ்சள் பெயின்ட் அடித்து மாட்டினார்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பழைய கன்வர்டிபிள் (கூரை திறக்கும் கார்) வைத்திருப்பவர்கள் சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியை விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் ரூ. 2,20,000 வாங்கிக்கொண்டு, வண்டியிலிருந்து கழற்றிய ஷாக் அப்சார்பரையே பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஒரிஜினல் ஸ்பிரிங்கை அறுத்துவிட்டு, வண்டியின் உயரத்தைக் குறைக்கும் "லோயரிங் ஸ்பிரிங் போட்டாச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. கோவையில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வண்டி மெர்சிடிஸ் எஸ்எல்கே, ஆர்170. 1996-ல் வந்து 2004 வரை ஓடிய மாடல், இரும்புக் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்விடும். கொச்சியில் ஒருவரிடம் வாங்கியது. இருபது வருஷத்துக்கு மேலான வண்டி என்பதால் ஷாக் தளர்ந்து, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் வெடித்திருந்தது. ஈரோட்டிலிருந்து பெருந்துறை வழியாகக் கோவைக்கு நேர் ரோட்டில் போகும்போது இதெல்லாம் தெரியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் பாடி சாயும், அப்புறம்தான் வண்டி திரும்பும்.

நான் கேட்டது புது ஷாக், புது புஷ், சரியான வீல் அலைன்மென்ட், அவ்வளவுதான். கடைக்காரர்தான் மஞ்சள் நிறத்தில் வரும் ஜெர்மன் கம்பெனி ஷாக்கான பில்ஸ்டைன் பி6-ஓடு 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்கும் போடலாம் என்றார். பி6 என்பது வண்டியின் பழைய உயரத்துக்கானது. இறக்கும் ஸ்பிரிங்குக்கு நீளம் குறைந்த பி8 வேண்டும். இதைக் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதானுங்ணா, நம்பருதான் வேற" என்றார். சந்தேகம் அப்போதே வந்தது. பி8-ம் அதற்கேற்ற ஸ்பிரிங்கும்தான் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். "ஓகேங்ணா" என்று பதில் வந்தது. பிறகு மஞ்சள் ஷாக்கும் நீல நிறப் பெட்டியும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பினார். பெட்டியில் இருந்த லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அது வேறு ஏதோ வண்டிக்கான பார்ட் நம்பர். கேட்டால், "அது சாம்பிள் போட்டோங்ணா, உங்க பொட்டி டெல்லியிலிருந்து வந்துட்டிருக்கு."

வண்டியை எடுக்கப் போனபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளி குறைந்து, உள்ளே எட்டிப் பார்த்தால் பளிச்சென்று மஞ்சள் ஷாக். பழைய பார்ட்ஸ் எங்கே என்று கேட்டேன். "ஆக்கருக்குப் போட்டாச்சுங்ணா, உங்களுக்கு எதுக்கு அந்தக் குப்பை." பில் கேட்டால் எஸ்டிமேட் சீட்டு ஒன்றை நீட்டினார். ஜிஎஸ்டி நம்பர் இல்லை. "பில் போட்டா டேக்ஸ் சேருமுங்க" என்றார். அலைன்மென்ட் பிரிண்ட் அவுட்டும் கிடையாது, மெஷின்ல பேப்பர் தீர்ந்துபோச்சாம்.

ஊருக்குள் வண்டி விறைப்பாக இருந்தது. ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் உள்கண்ணாடி நடுங்கும், கூரை கொக்கி மாட்டுகிற இடத்தில் கிறீச்சென்று சத்தம் வரும். கன்வர்டிபிளில் இது எதிர்பார்க்க வேண்டிய விஷயம்தான். நிலையான கூரை இல்லாததால் பாடி முறுக்குக் கொடுக்கும். ஸ்பிரிங் கெட்டியாக ஆக, அந்த முறுக்கு அதிகமாகத் தெரியும். அதனால்தான் இந்த மாதிரி வண்டிகளில் ஸ்பிரிங்கைக் கடைசியில் தொட வேண்டும், முதலில் ஷாக், புஷ், டயர் என்று போக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எனக்கு வந்த பிரச்சனை அதோடு நிற்கவில்லை. வால்பாறை ஏற்றத்தில் ஒரு வளைவின் நடுவில் ரோடு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அதில் ஏறியதும் பின்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளி வெளியே நகர்ந்தது. எதிரே பஸ் வராதது என் அதிர்ஷ்டம். கடைக்குப் போன் போட்டேன். "புதுசுங்கண்ணா, ஓட்ட ஓட்ட செட்டாயிடும்."

இறங்கி வந்தபோது பொள்ளாச்சியில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். 1995-ல் புனேயில் அசெம்பிள் ஆகி வந்த பழைய டபிள்யூ124 பென்ஸ்களில் கை பழகியவர். அந்த வண்டிக்கும் என் வண்டிக்கும் முன்பக்க ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றி இல்லாமல் தனியாக, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் மேல் உட்காரும். அதைக் கழற்ற உள்ளே விட்டு அமுக்குகிற ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அவரிடம் அது இருந்தது.

முதலில் ஷாக்கைக் கழற்றினார். பி6, பி8 மாதிரி மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) ஷாக்குக்குள் நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும். தண்டைக் கையால் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் தானாக மெல்ல மேலே வர வேண்டும். இது அமுக்கிய இடத்திலேயே நின்றது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கழிவுப் பஞ்சில் தின்னரை நனைத்து உடம்பில் ஒரு இழுப்பு இழுத்தார். பஞ்சு மஞ்சளாகிவிட்டது. அடியில் கறுப்புப் பெயின்ட், அதற்குள் பென்ஸ் நட்சத்திர முத்திரை, பழைய பார்ட் நம்பர். "ஏனுந் தம்பி, இது உங்க வண்டியோடதேதான்" என்றார். நாலும் அப்படித்தான்.

ஸ்பிரிங் இன்னும் மோசம். அறுத்த முனையில் கிரைண்டர் தேய்த்த வரிகள் இருந்தன, பெயின்ட்டைச் சுரண்டினால் கேஸ் கட்டிங் சூட்டில் நீலம் பாய்ந்த இரும்பு. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும். நான் உணர்ந்த "விறைப்பு" அதுதான். கீழ் ஆர்மில் இருக்கும் குழியில் ஸ்பிரிங்கின் முனை வந்து உட்கார வேண்டும், அறுத்த முனை அதில் உட்காராமல் ஏறி நின்றது. வண்டி தாழ்ந்துவிட்டதால் ஷாக் பாதித் தூரம் முன்பே உள்ளே போய், கொஞ்சம் பள்ளம் வந்தாலே ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதும். வளைவின் நடுவில் அப்படி மோதினால் அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாத மாதிரிதான். பின்பக்கம் துள்ளியதன் காரணம் புரிந்தது. பின் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் தேய ஆரம்பித்திருந்தன. வண்டியை இறக்கினால் பின்சக்கரத்தின் மேல்பாகம் உள்பக்கம் சாயும். அலைன்மென்ட் பார்த்தேன் என்றவர் அதைப் பார்க்கவே இல்லை.

உண்மையிலேயே புதிதாகப் போட்டது கீழ் ஆர்ம் புஷ் மட்டும்தான். அதுவும் கிழிந்திருந்தது. இந்தப் புஷ்ஷில் ரப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஓட ஓடக் கிழியும். "வண்டி நாலு கால்ல நிக்கறப்பத்தான் கடைசி முறுக்கு" என்றார் பெரியவர். இதைத் தெரியாமல் செய்தார்களா, லிஃப்டிலேயே முடித்துவிட்டால் வேலை சுளுவு என்று செய்தார்களா, எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். "நீங்கதானுங்ணா வண்டி எறங்கோணும், டைட்டா இருக்கோணும்னீங்க" என்றார். ஷாக்கைப் பற்றிக் கேட்டதும், பொள்ளாச்சிக்காரர் மாற்றி வைத்துவிட்டார் என்று பழியை அந்தப் பக்கம் தள்ளினார். அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வண்டி விடுகிறவர்களுக்குச் சொல்வது: பெட்டியைப் பிரிக்கிறபோது கூட இருங்கள், ஷாக்கின் பார்ட் நம்பரும் உங்கள் நம்பர் பிளேட்டும் ஒரே போட்டோவில் வர வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் தண்டை அமுக்கிப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. பழைய பார்ட்ஸ் அத்தனையும் உங்கள் டிக்கியில் ஏறிய பிறகு மீதிப் பணம். தமிழ்நாட்டுக் கடையின் ஜிஎஸ்டி நம்பர் 33-ல் தொடங்கும், அது இல்லாத சீட்டு ஜிஎஸ்டி பில் ஆகாது. என்னிடம் பில் இல்லாவிட்டாலும் வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் செய்திகளும் இருந்ததால் வழக்கறிஞர் தைரியமாக இறங்கினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் விசாரிக்க 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

வண்டியை மறுபடி சரி செய்தாயிற்று. துபாயில் இருக்கும் மச்சான் மூலம் பழைய உயரத்துக்கான ஸ்பிரிங்கும் நிஜமான பி6-ம் வந்தன. பெரியவர் புஷ்ஷை மாற்றி, வண்டியைத் தரையில் நிற்க வைத்து முறுக்கினார். கூரைச் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது, வளைவில் வண்டி சொன்னபடி கேட்கிறது. நான் முதலில் கேட்டதும் இதைத்தான்.

கோவையில் இதே மாதிரி மஞ்சள் ஷாக் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். இன்னும் ரெண்டு பேர் சேர்ந்தால் கேஸ் வலுக்கும் என்கிறார் வழக்கறிஞர். ஷாக்கைக் கழற்றிப் பார்க்கப் பெரியவர் காசு வாங்குவதில்லை, காலையில் நேரத்திலேயே வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.