ஆறு வருடமாக ஒரே கேஸ்ட்ரோ டாக்டர்: என் அனுபவம்

மதுரையில் நான் இப்போது பார்க்கும் கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) டாக்டரிடம் 2019-ல் போக ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் நாலு வருடம், நெஞ்செரிச்சலுக்கும் மேல்வயிற்று வலிக்கும் காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 மாத்திரை, தீர்ந்ததும் மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு அட்டை என்றே ஓடியது. நடுவில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்து ஹெச். பைலோரி கிருமி இருக்கிறது என்று ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். கிருமி போனதா என்று அப்புறம் யாருமே பார்க்கவில்லை. வலி திரும்பி வந்தபோது எண்டோஸ்கோப்பிக்குத் தேதி மட்டும் கிடைத்தது.

இந்த முறை பட்டத்தைக் கவனித்தேன். எம்.டி. முடித்து, வயிறு, குடல், கல்லீரலுக்கென்று இன்னும் மூன்று வருடம் படித்தவர்களுக்கு டி.எம். என்று இருக்கும். எம்.சிஎச். படித்தவர்கள் ஆபரேஷன் செய்யும் சர்ஜிகல் கேஸ்ட்ரோ, அவர்கள் வேறு.

படிப்பு சரி, எனக்கு நம்பிக்கை வந்தது அவர் கேட்ட கேள்விகளால். ராத்திரி தூக்கத்திலிருந்து வலி எழுப்புகிறதா, எடை குறைந்ததா, மலம் கருப்பாகப் போனதா, விழுங்கும்போது அடைக்கிறதா, வலி மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா? முதுகுவலிக்கு வாரத்தில் மூன்று நாளாவது டைக்லோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு வருடத்தில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை அன்றே நிறுத்தச் சொன்னார்.

கிருமி போன பிறகும் ரத்தப் பரிசோதனை ரொம்ப நாள் பாசிட்டிவ் காட்டலாம், அதை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார். பான்டோப்ரசோல் போட்டுக்கொண்டே பார்த்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடுமாம், அதனால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மலப் பரிசோதனை. நிறுத்தியதும் கொஞ்ச நாள் அமிலம் கூடுதலாகச் சுரந்து எரியும் என்று முதலிலேயே சொல்லி, தாங்கமுடியாதபோது குடிக்க ஒரு சிரப்பும் எழுதினார். உண்மையிலேயே எரிந்தது. ஆனால் தெரிந்து பட்டதால் பயம் வரவில்லை.

கிருமி அப்படியே இருந்தது. 14 நாள், நாலு மருந்து, வாயெல்லாம் கசப்பு. "இதுல பிஸ்மத்னு ஒரு மருந்து இருக்கு, மலம் கருப்பாப் போகும், பயந்துடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை, நெகட்டிவ். பான்டோப்ரசோலை நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் வந்து பாருங்க என்றார். அடுத்த தேதி கொடுக்காத டாக்டரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

குறை உண்டு. ஏழு மணிக்கு அப்பாயிண்ட்மென்ட் என்றால் ஒன்பதரைக்குத்தான் உள்ளே விடுவார்கள், போன் செய்தால் பெரும்பாலும் எடுப்பதில்லை. சர்க்கரை இருக்கிற வயதானவர்களைக் கூட்டிப்போனால் டிபன் கொடுத்தே கூட்டிப்போங்கள்.

2023-ல் என் அண்ணனை அவரிடம் கூட்டிப்போனேன். 52 வயது, வலி எதுவும் இல்லை, ஹீமோகுளோபின் மட்டும் 9-க்கு இறங்கியிருந்தது. வெளியே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆம்பளைக்கு இந்த வயதில் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுக்கக்கூடாது என்று சொல்லி, எண்டோஸ்கோப்பியும் கொலனோஸ்கோப்பியும் செய்தார். பெருங்குடலில் ஒரு பெரிய பாலிப் (சதை வளர்ச்சி). அப்போதே எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார், புற்று இல்லை, விட்டிருந்தால் மாறியிருக்கலாம் என்றார். மூன்று வருடத்தில் திரும்பப் பார்க்கவேண்டும் என்று ஃபைலில் எழுதியிருக்கிறார், அண்ணி அந்தத் தேதியை போனில் போட்டு வைத்திருக்கிறார்.