வால்வைக் கழற்றினாலும் பாடுகிற ‘வால்வு’ கிராஸ்ஓவர்: ஓர் எச்சரிக்கை

வீட்டு ஸ்பீக்கருக்கு வால்வு (பழைய ரேடியோவில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்) வைத்த ஆக்டிவ் கிராஸ்ஓவர், அதாவது பாட்டைக் கனத்த சத்தம், கீச்சுச் சத்தம் என்று பிரிக்கிற பெட்டி, செய்து தருகிறேன் என்று யாராவது சொல்லி, நீங்களும் முன்பணம் அனுப்பப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். 34,000 ரூபாயையும் ஒரு ஜோடி ட்வீட்டரையும் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆள் பெயர் போடவில்லை.

ஊர் கீழக்கரை. வளைகுடாவில் இருந்தபோது வாங்கிய ஊஃபரும் (கனத்த சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) ட்வீட்டரும் பல வருடம் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன. போன வருடம்தான் தச்சரை வைத்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டி அடித்தேன். சாதாரண ஸ்பீக்கரில் ஆம்ப்ளிபயரைத் தாண்டி வந்த சத்தத்தைக் காயிலும் கண்டென்சரும் பிரிக்கும். ஆக்டிவ் என்றால் ஆம்ப்ளிபயருக்கு முன்னாலேயே பிரித்து, ஊஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று என்று தனித்தனி ஆம்ப்ளிபயரில் ஓட்டுவது. அந்தப் பிரிக்கிற வேலையை வால்வு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அவசியமெல்லாம் இல்லை, ஆசைதான்.

செய்து தருபவர் போனில் நன்றாகவே பேசினார். 250 வோல்ட் சப்ளை, நான்கு 12ஏயூ7 வால்வு, 2,500 ஹெர்ட்ஸில் பிரிப்பு, ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு (பிரிப்பைத் தாண்டி சுருதி இரட்டிக்கும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் அவ்வளவு குறையும்). இந்த வகைப் பிரிப்புக்குப் பெயர் தந்த லிங்க்விட்ஸ், ரைலியையும் அது வெளியான 1976 என்ற வருடத்தையும் அவரே எடுத்துவிட்டார். இவ்வளவு விவரம் சொல்கிறவருக்கு வேலை தெரியாமலா இருக்கும் என்று நினைத்து முழுப் பணத்தையும் அனுப்பினேன். மூன்று வாரம் என்றது மூன்று மாதம் ஆனது. அது பரவாயில்லை.

கிராஸ்ஓவர் பெட்டி வந்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தூக்கினால் பூ மாதிரி இருந்தது. 250 வோல்ட் தருகிற டிரான்ஸ்பார்மர் உள்ளே இருந்தால் அப்படி இருக்காது. வால்வும் இரண்டுதான். கேட்டதற்கு, “சர்க்யூட்டை மாத்திட்டேன் சார், ரெண்டே போதும்” என்றார். 12ஏயூ7 ஒன்றுக்குள் இரண்டு ட்ரையோடு, அதாவது தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு பகுதி, உண்டு. 24 டெசிபல் சரிவுக்கு ட்வீட்டருக்குப் போகும் மேல் பக்கத்துக்கு இரண்டு, ஊஃபருக்குப் போகும் கீழ்ப் பக்கத்துக்கு இரண்டு, ஆக ஒரு சானலுக்கு நான்கு ட்ரையோடு. இடது, வலது என்று இரண்டு சானலுக்கு எட்டு. நான்கு வால்வு இல்லாமல் கணக்கு எப்படி வரும்? இந்தக் கணக்கை நான் போட்டது பிறகுதான்.

இரண்டாவது வாரம் ட்வீட்டர் இரண்டும் போயின. கரண்ட் ஏறி இறங்குவதால் இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, வேறு ஜோடி வாங்கி மாட்டினேன்.

கண்டுபிடித்தது நான் இல்லை, வாப்பா. எழுபத்து நான்கு வயது. சின்ன வயதில் வீட்டில் வால்வு ரேடியோ இருந்ததாம். இந்தக் கடற்கரையில் இலங்கை வானொலி உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கேட்கும். அன்று மஃரிபு (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு வந்து உட்கார்ந்தவர், நான் சுவிட்சைப் போட்டதும் திரும்பிப் பார்த்தார்.

“வால்வு செட்டுண்டுதானே சொன்னே? போட்ட உடனே பாடுதே?”

எனக்குச் சொரேர் என்றது. வால்வு சூடேறிப் பாடப் பத்துப் பதினைந்து வினாடியாவது ஆகும். இது சுவிட்ச் தட்டியதும் பாடியது. ஒரு துணியைச் சுற்றி வால்வு ஒன்றைப் பிடுங்கினேன். பாட்டு நிற்கவில்லை. அடுத்ததையும் பிடுங்கினேன். இடறக்கூட இல்லை. (நிஜ வால்வு செட்டில் இப்படி ஓடும்போது கழற்றாதீர்கள். பெரிய வெடிச்சத்தம் போய் ஸ்பீக்கரே கெடலாம். அன்று நான் செய்தது ஆத்திரத்தில்.)

பிளக்கை உருவிவிட்டு அடித்தகட்டைத் திறந்தேன். வால்வு சாக்கெட்டில் ஒன்பது கால். ஹீட்டருக்கான (வால்வைச் சூடாக்கும் கம்பி) 4, 5, 9 ஆகிய கால்களில் மட்டும் ஒயர் பற்றவைத்திருந்தது. பாட்டு போய்வர வேண்டிய கிரிட், பிளேட், கேதோடு வருகிற மற்ற ஆறு கால்களில் ஈயமே படவில்லை. எங்கள் உப்புக்காற்றுக்கு அவற்றில் பச்சையாகக் களிம்பு ஏற ஆரம்பித்திருந்தது. சாக்கெட்டுக்கு அடியில் ஆரஞ்சு நிற எல்.இ.டி. ஒன்று, கண்ணாடி நன்றாக ஜொலிக்கட்டும் என்று மேலே பார்த்து ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட். வேலை முழுவதையும் செய்தவை ஓரத்தில் இருந்த எட்டுக்கால் ஐ.சி. (சிப்) இரண்டு. மேலே இருந்த எழுத்தைச் சுரண்டியிருந்தார், ஒன்றில் மட்டும் 072 என்பது மிச்சம்.

அது டிஎல்072 ஆகத்தான் இருக்கும். நல்ல ஐ.சி.தான், அதில் ஒழுங்காகவே கிராஸ்ஓவர் செய்யலாம். ஐ.சி. என்று சொல்லி சில ஆயிரத்துக்கு விற்றிருந்தால் நானே வாங்கியிருப்பேன். இவர் அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. ட்வீட்டர் பக்கம் ஒரே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரே ஒரு 10 நானோஃபாரட் கண்டென்சர். கணக்குப் போட்டால் 1,590 ஹெர்ட்ஸ் வருகிறது, 2,500 இல்லை. சரிவும் ஆக்டேவுக்கு 6 டெசிபல்தான். அதாவது மூன்று ஆக்டேவ் கீழே 72 டெசிபல் குறைய வேண்டிய சத்தம் 18 டெசிபல்தான் குறையும். ட்வீட்டர் ஏன் கருகாது?

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. ஆக்டிவாக ஓட்டினாலும் ட்வீட்டருக்கு முன்னால் காவலுக்கு ஒரு கண்டென்சர் போட்டிருக்க வேண்டும். 8 ஓம் ட்வீட்டருக்கு 20 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது தடுக்கத் தொடங்கும். ஆம்ப்ளிபயரிலிருந்து டிசி (ஒரே திசைக் கரண்ட்) வந்தாலும் நிறுத்தும். சத்தம் கெடும் என்று செய்து தந்தவர் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டேன்.

படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். “ஹைபிரிட் சார், வால்வு டோனுக்குத்தான்” என்று பதில் வந்தது. ஒயரே போகாத வால்வில் என்ன டோன்? கேட்டேன். அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

செய்யக் கொடுப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் சர்க்யூட் படத்தையும், அடித்தகடு திறந்த நிலையில் எடுத்த போட்டோவையும் கேளுங்கள். சுவிட்ச் போடுவதிலிருந்து பாட்டு வரும்வரை வெட்டாத வீடியோ ஒன்றும் கேளுங்கள். நிஜ வால்வு செட் வந்தால் ஆசைக்குத் திறந்து கை வைக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் கண்டென்சரில் 250 வோல்ட் வரை தங்கியிருக்கலாம்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அடித்து நுகர்வோர் புகார் பதிந்தேன். விற்றவர் வெளியூர் என்றாலும் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ராமநாதபுரத்தில் அதற்கான தாள்களைக் கொடுத்திருக்கிறேன். பெட்டியைச் சாட்சிக்காக அப்படியே கட்டி வைத்திருக்கிறேன். வால்வு இரண்டையும் தெரிந்த மெக்கானிக்கிடம் சோதித்ததில் அவை மட்டும் அசல், நன்றாகவே இருக்கின்றன.